எனக்காக விளக்கை அணைத்தார்கள்

கையைப் பிடிக்காதீர்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நான் ஏழு பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஏழு பேரும் பிடித்தார்கள். வாசலில் ஒருவர் முழங்கைக்கு மேலே பிடித்தார். படியில் ஒரு பெண் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். அரங்குக்குள் ஒருவர் என் கைத்தடியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மாட்டைக் கயிற்றில் கூட்டிப்போவதுபோல முன்னால் நடந்தார். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் அந்தக் கோபத்தை யார் மேல் வைப்பது என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை. இரண்டு வருடம் ஆகிறது. இன்றும் நினைத்தால் காது மடல் சூடாகிறது.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்கள். நானும் தம்பியும் அங்கேதான் பிறந்தோம். ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சை எடுத்துவிட்ட பிறகு, வாடிக்கையாளர் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். கணினி திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும். நான் பதில் எழுதுவேன். செம்பூரில் சின்ன வீடு ஒன்று வாங்கி, அம்மா போன பிறகு தனியாக இருக்கிறேன். தம்பிக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை, நாலு மிஷின். வாரத்துக்கு இரண்டு தடவையாவது என் வீட்டுக்கு வந்து, கேஸ் ட்யூப் சரியாக இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுப் போவான்.

வேலைக்கான கடிதத்துக்குக் காத்திருந்த மாதங்களில் நான் ஒரு ஹாஸ்டலில் இருந்தேன். என் அறைத்தோழியிடம் ஒரு புல்லாங்குழல் கேசட் இருந்தது. அவளுக்குத் தூக்கம் வருவதற்காக அதைப் போடுவாள். எனக்கு அதைக் கேட்டால் இருந்த தூக்கமும் போய்விடும். அப்போது எனக்கு ஒரு ராகத்தின் பெயர்கூடத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு செல்போன் வந்தது. அந்த வித்வானின் கச்சேரிப் பதிவுகள் எங்கெங்கிருந்தோ கிடைத்தன. ஹைதராபாத்தில் எப்போதோ பதிவு செய்த ஒரு கச்சேரியில், கரகரப்ரியா ஆலாபனையில் அவர் மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில், கூட்டத்தில் யாரோ மூன்று முறை இருமுவார். அந்த இருமல்காரரைக்கூட எனக்குப் பல வருடப் பழக்கம்.

ஆனால் நேரில் கேட்டதே இல்லை. அவர் மும்பைக்கு வருவது அபூர்வம். ஒரு முறை வந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். இன்னொரு முறை மழையில் ரயில் ஓடவில்லை. மற்ற நேரங்களில், கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று நானே நம்பிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டேன். அந்த வருடம் மாட்டுங்காவில் ஒரு சபா, ஞாயிறு காலை பத்து மணிக்கு அவருடைய கச்சேரி என்று அறிவித்தது. இந்த முறை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

டிக்கெட் வாங்க உட்கார்ந்தால், கணினி "படம், படம், படம்" என்று சொல்லிக்கொண்டே போனது. இருக்கைகளை வெறும் படங்களாகப் போட்டிருந்தார்கள். எது காலி, எது முன்வரிசை என்று எனக்குத் தெரிய வழியில்லை. தம்பிக்குப் போன் செய்தேன்.

"சபா ஆபீஸ்ல நேர்ல போயி வாங்கணும்ல. மூணாவது வரிசை, நடுவுல. மேடைக்கு ரெண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர் பெட்டி வச்சிருப்பாங்க. அதுக்குப் பக்கத்துல மட்டும் வேண்டாம். புரியுதா?"

"நடுவுலதானக்கா. வாங்கிட்டு வாரேன். நீ டென்ஷன் எடுக்காதே."

ஏன் நடு என்று அவனுக்கு விளக்கவில்லை. பதிவுகளில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத்தான் தருவார்கள். குழலுக்குள் போகும் காற்று, துளையிலிருந்து விரல் எழும் சத்தம், அடுத்த ஸ்வரப் பிடிக்கு முன்னால் அவர் இழுக்கும் மூச்சு, இவையெல்லாம் மேடைக்கு நேர் எதிரே, கிட்ட இருந்தால்தான் கேட்கும் என்று நினைத்தேன். அது எனக்கு ஒரு ஆசையாகவே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் தம்பி டிக்கெட்டோடு வந்தான். மூன்றாவது வரிசை, பதினான்காம் எண். சொன்னபடியே வாங்கியிருந்தான். அவன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. பட்டறைக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கே டாக்சியோடு வந்து நின்றான். நான் ரயிலில் போகலாம் என்றேன், கேட்கவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தான். மடிப்புக் கலையாத துணியின் வாசனை வண்டிக்குள் நிரம்பியிருந்தது. கச்சேரிக்கு எனக்குத் துணையாக வருகிறவன், சங்கீதத்தைக் கேட்டாலே கொட்டாவி விடுகிறவன், எதற்குப் புதுச் சட்டை போட்டான் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

"ஏல, நீ தூங்கினாலும் குறட்டை விடாதே" என்றேன்.

"இன்னைக்கு எனக்கு எப்படித் தூக்கம் வரும்" என்று சிரித்தான்.

அரங்கின் வாசலிலேயே அந்தக் கைகள் தொடங்கிவிட்டன. எல்லாவற்றையும் சமாளித்து உள்ளே போய், மூன்றாவது வரிசையில் என் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தேன். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைத் தொட்டு, மேடை எவ்வளவு தூரம் என்று தம்பியிடம் கேட்டேன். பன்னிரண்டு அடி இருக்கும் என்றான். மேடையில் யாரோ தம்புராவை மீட்டிப் பார்த்தார்கள். அது ஒலிபெருக்கி இல்லாமல், நேராக என்னிடம் வந்தது. அந்த ஒரு நிமிடம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது சபாவின் செயலாளர் வந்தார். அறுபது வயதுக்குரிய குரல், சந்தனத் தைலத்தின் வாசனை.

"வாங்கோம்மா, நீங்க இங்கேயா உக்காரணும்? உங்களுக்கு முன்னாடி சோபா போட்டிருக்கோம்."

"இல்ல சார், எனக்கு இதுதான் வேணும். கேட்டு வாங்கின சீட்டு."

"அதெல்லாம் முடியாது. நீங்க எங்க ஸ்பெஷல் கெஸ்ட். கால் நீட்டி உக்காந்துக்கலாம். போக வர சௌகரியம்."

"எனக்குக் கால் நல்லாத்தான் சார் இருக்கு."

அவர் சிரித்தார். நகைச்சுவைக்குச் சிரிப்பதுபோல. அதற்குள் யாரோ என் தடியை எடுத்துவிட்டார்கள். தம்பி என் காதருகே குனிந்து, "அக்கா, மரியாதை செய்யுதாவ. எந்திரி" என்றான். அவனுக்காக எழுந்தேன்.

சோபா மேடைக்குக் கீழே, இடது ஓரத்தில் இருந்தது. உட்கார்ந்து கையை நீட்டினால் ஒரு பெரிய பெட்டியின் கம்பி வலை தட்டுப்பட்டது. ஸ்பீக்கர் பெட்டி. அதிலிருந்து வந்த உஸ்ஸென்ற இரைச்சல் பல்லில் கூசியது. மூன்றாவது வரிசைக்குத் திரும்பலாம் என்று தம்பியைக் கூப்பிட்டேன். அவன் பக்கத்தில் இல்லை.

அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தாள். வித்வானைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னாள். அப்புறம் என்னைப் பற்றிப் பேசினாள். பிறந்ததிலிருந்து ஒளியையே அறியாத ஒரு பெண். தாராவியின் ஒரு சந்திலிருந்து வங்கி வேலை வரை. இருளில் அவளுக்குக் கண்ணாக இருந்தது இவருடைய குழல். என் ஹாஸ்டல் கேசட்டைப் பற்றியும் சொன்னாள். அதை நான் தம்பியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் புதுச் சட்டை புரிந்தது.

"குத்துவிளக்கை ஏற்றி வைக்க அவரையே அழைக்கிறோம்."

இரண்டு பேர் என்னைத் தூக்காத குறையாக மேடைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பெண்மணி என் விரல்களைச் சுற்றித் தன் விரல்களை வைத்து, மெழுகுவர்த்தியைப் பிடிக்கச் செய்து, திரிக்குக் கொண்டுபோனாள். என் வீட்டில் அடுப்பைத் தினமும் நான்தான் பற்றவைக்கிறேன். ஒரு விளக்கேற்ற எனக்கு இன்னொருவர் கை தேவையில்லை. "விடுங்க, நானே ஏத்துவேன்" என்று மெல்லச் சொன்னேன். "பரவாயில்லம்மா, பரவாயில்லை" என்று அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அரங்கமே கை தட்டியது. தோளில் ஒரு சால்வை விழுந்தது.

இதில் என்னால் மறக்கவே முடியாதது, நான் என்ன செய்தேன் என்பதுதான். நான் சிரித்தேன். கை கூப்பினேன். "ரொம்ப நன்றி" என்று மைக்கில் சொன்னேன். சின்ன வயதிலிருந்து பழக்கிய சிரிப்பு அது. யார் உதவி என்று வந்தாலும் தானாக முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மனதுக்குள் கொதித்துக்கொண்டிருந்தபோதும் அது வந்தது. மற்றவர்கள் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது அதனால்தான்.

கச்சேரி ஆரம்பித்தபோது மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது. வர்ணம் வாசித்தார். அடுத்து இரண்டு உருப்படி. பெட்டியிலிருந்து வந்த சத்தத்தில் குழல் எது, வயலின் எது என்று பிரிக்கவே கஷ்டமாக இருந்தது. மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் இடித்தது. என் வீட்டில் அறுநூறு ரூபாய் இயர்போனில் இதைவிட நன்றாகக் கேட்டிருக்கும். சால்வை வேறு வெயிலில் காய்ந்த கம்பளி மாதிரி கழுத்தில் அரித்தது.

பதினொன்றரை மணி வாக்கில் அவர் கரகரப்ரியாவைத் தொட்டார்.

முதல் பிடியிலேயே இது புதிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரிஷபத்தில் நின்று, காந்தாரத்தை ஒரு முறை அசைத்துவிட்டு, கீழே இறங்கிவிட்டார். பதிவுகளில் அப்படி அவர் ஆரம்பித்ததே இல்லை. நான் சோபாவின் மறு முனைக்கு நகர்ந்து, ஸ்பீக்கர் பக்கம் இருந்த காதைக் கையால் பொத்திக்கொண்டேன். அப்போது மேடையிலிருந்து நேராக வரும் சத்தம் கொஞ்சம் பிடிபட்டது. மூச்சு கேட்டது. நீளமாக இழுக்கவில்லை, சின்னச் சின்னதாக, பேசுகிறவர் பேச்சின் நடுவே எடுப்பதுபோல எடுத்தார். இத்தனை வருடம் நான் அவரை நீண்ட மூச்சுக்காரர் என்று நினைத்திருந்தேன். எல்லாம் ஒட்டுவேலை. ஒட்டியது தெரியாமல் ஒட்டுகிறார். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மத்யமத்தைத் தாண்டி மேலே போகப்போகிறார், பஞ்சமத்தில் ஒரு நிமிடமாவது நிற்பார் என்று நான் காத்திருந்தேன்.

மேடையில் காலடிச் சத்தம் கேட்டது. காகிதம் சரசரத்தது. குழல் பஞ்சமத்துக்குப் போகாமல் சட்டென்று ஷட்ஜத்துக்கு இறங்கி முடிந்துவிட்டது. வயலின்காரர் பதிலுக்கு வாசிக்க ஆரம்பித்து அவரும் நிறுத்தினார்.

வித்வான் மைக்கை எடுத்தார். "இந்த அம்மா இன்னிக்கு வந்திருக்காங்க. அவங்க எப்படிக் கேக்கறாங்களோ, அதே மாதிரி நாம எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் கேக்கலாம்னு சபாவுல ஆசைப்படறாங்க. எல்லா விளக்கையும் அணைச்சிடுங்க. இது அவங்களுக்காக."

விளக்குகள் அணைந்தன என்பதைக் கூட்டத்தின் சத்தத்தில் அறிந்தேன். ஓஹோ என்றார்கள். பின்னால் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. யாரோ சிரித்தார்கள். என் பக்கத்தில் ஒரு பெண், "போன் லைட்டைப் போடாதேடி, வீடியோ எடுக்கணும்" என்றாள். அவர் ஒரு எளிமையான தாலாட்டு மெட்டை வாசித்தார். யாருக்கும் பிடிக்கும், யாருக்கும் தூக்கம் வரும். நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

எனக்கு இருட்டு என்றால் என்னவென்றே தெரியாது. விளக்கை அணைத்தால் பார்க்கிறவர்களுக்கு ஏற்படுவது எதுவோ அது என் அனுபவத்தில் இல்லை. நான் எப்படிக் கேட்கிறேன் என்று அறிய வேண்டுமானால், அந்தக் கரகரப்ரியாவை முழுதாக வாசிக்கவிட்டு, வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் போதும். அதை நிறுத்திவிட்டு, நான் கேட்காத ஒன்றை எனக்காக என்று கொடுத்து, என் பெயரில் அழுதுகொண்டிருந்தார்கள்.

விளக்குகள் திரும்ப வந்ததும் கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டரைக்கு அரங்கைக் காலி செய்ய வேண்டுமாம்; பிற்பகலில் வேறு நிகழ்ச்சி இருந்தது. ஒரு சின்ன உருப்படி, மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்துக்குப் பதிலாக நாலு தட்டு, மங்களம். முடிந்தது. கரகரப்ரியாவுக்கு அவர் திரும்பவே இல்லை.

தம்பி ஓடிவந்து என் தோளைப் பிடித்தான். "அக்கா, எல்லாரும் உன்னைத்தான் பாத்தாவ."

செயலாளர் போட்டோ எடுக்க வேண்டும் என்று எங்களை மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அழைத்துப்போனார். அங்கே காபி வாசனை அடித்தது. வித்வான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்த சத்தம் கேட்டது.

"உக்காருங்கம்மா. சந்தோஷமா?"

"இல்ல" என்றேன்.

அறையில் டம்ளர் ஆற்றும் சத்தம் நின்றது.

"கரகரப்ரியாவை ஏன் நிறுத்தினீங்க?"

"சீட்டு கொடுத்தாங்கம்மா. நீங்க ஆசைப்படறதா எழுதியிருந்தது."

"நான் ஆசைப்படல. யார்கிட்டயும் கேக்கல. அதைக் கேக்கத்தான் வந்தேன். மூணாவது வரிசையில நடுவுல உக்காந்து கேக்கத்தான் டிக்கெட் வாங்கினேன். என்னை எழுப்பி ஸ்பீக்கருக்குப் பக்கத்துல போட்டாங்க."

"பெட்டிக்குப் பக்கத்துலயா? அங்க உக்காந்தா என்ன கேக்கும்?" என்றார் அவர். அவர் கேட்டது என்னிடம் இல்லை, செயலாளரிடம். அன்று காலையிலிருந்து என்னை ஒரு கேட்பவளாக நினைத்து யாராவது பேசியது அதுதான் முதல் தடவை.

செயலாளர் குறுக்கே வந்தார். "அம்மா, நீங்க தப்பா எடுத்துண்டுட்டேள். ஹால்ல எத்தனை பேர் கண் கலங்கினா தெரியுமா? உங்க தம்பிதான் அவ்வளவு ஆசையாச் சொன்னார். ஒரு சின்ன சர்ப்ரைஸ், அவ்வளவுதான்."

"என் தம்பி சங்கீதம் தெரியாதவன். உங்களுக்குத் தெரியுமே சார். ஆலாபனையை நடுவுல வெட்டலாமா கூடாதான்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"நல்லது பண்ணப்போனா இந்தக் காலத்துல..." என்று முனகியபடி அவர் வெளியே போனார்.

நான் சால்வையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வித்வானையும் நான் விடவில்லை.

"நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார். மேடைக்குக் கீழதான் உக்காந்திருந்தேன். மைக்கும் உங்க கையில இருந்தது."

அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. குழல் இல்லாத வெறும் மூச்சு, வயதானவருடையது. "கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். சமாதானம் சொல்லவில்லை, என் தலையில் கை வைக்கவில்லை. அதற்காக இன்றும் அவர் மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் அன்று அந்த மரியாதை கோபத்தைக் குறைக்கவில்லை.

வெளியே வந்ததும் தம்பி டாக்சியைக் கூப்பிட்டான். நான் ஏறமாட்டேன் என்றேன். கிங்ஸ் சர்க்கிள் வரை விடுவிடென்று நடந்தேன். அவன் பின்னாலேயே வந்தான்.

"அவ்வளவு பேருக்கு முன்னால அந்த மனுசனை அப்படிப் பேசிட்டியேக்கா."

"நீ என்னத்தையெல்லாம் அங்க சொன்ன? ஹாஸ்டல் கேசட்டையும் சொல்லியிருக்க. எங்கிட்டக் கேட்டியா?"

"கேட்டா நீ வேண்டாம்னுருப்ப."

"தெரிஞ்சிருக்குல்ல. பொறவு ஏன் செஞ்ச?"

அவன் நின்றுவிட்டான். பஸ் ஒன்று எங்களைக் கடந்துபோனது. பிறகு சொன்னது இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"டிக்கெட்டு வாங்கப் போனேம்லா, அந்தச் செக்ரட்டரி எங்கருந்து வாரீங்கன்னு கேட்டாரு. தாராவின்னேன். அவ்வளவுதான், அந்தப் பக்கமே பாத்துக்கிட்டுப் பேசுதாரு. உன்னைப் பத்திச் சொன்ன பொறவுதான் நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாரு. காபி வாங்கித் தந்தாரு. அந்த மாதிரி ஆபீஸ்ல என்னை யாருக்கா உக்காரச் சொல்லிருக்காங்க? நம்ம வீட்டு ஆளு அந்த மேடையில ஏறுனா நல்லாருக்கும்னு தோணிச்சு. இவ்வளவு லோச்சா, வம்பு ஆகும்னு தெரியாது."

அவன் அழுதான். ரோட்டில் நின்று அழுகிற தம்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவனைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதோடு இன்னொரு கோபமும் வந்தது: என்னுடைய நாளில் நான்தான் எல்லாருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டுமா?

"உனக்கு நாற்காலி கெடைக்க என் கண்ணைக் கொண்டுபோய் வச்சியால?" என்று கேட்டுவிட்டேன்.

அவனை அங்கேயே விட்டுவிட்டேன். நான் ரயில் நிலையத்துக்குப் போனேன். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி நிற்கும் இடத்தில் பீப் சத்தம் வைத்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். அரை மணி நேரம் நின்றேன். ரயில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மெகா பிளாக்; தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவைத்திருந்தார்கள். காலையில் அவன் டாக்சி கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அப்போதுதான் உறைத்தது. வேறு வழியில்லாமல் திரும்பி வெளியே வந்தால், நிலையத்தின் வாசலில் அதே மடிப்புக் கலையாத துணியின் வாசனை. தம்பி டாக்சிக் கதவைத் திறந்தான். செம்பூர் வரை இருவரும் பேசவில்லை. அப்புறம் பதினெட்டு நாளும் பேசவில்லை. கேஸ் ட்யூபை முகர அவன் வரவும் இல்லை.

அந்த நாட்களில் வீடியோ பரவியது. நான் சிரித்துக்கொண்டு விளக்கேற்றுவதும், விளக்குகள் அணைவதும், அந்தத் தாலாட்டும். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது கும்பிடுகள். வங்கியில் மேனேஜர் எல்லாரையும் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டினார். கை தட்டினார்கள். "மேடம், ஆங்க் மே பானி ஆ கயா" என்றாள் கேஷ் கவுண்டர் பெண்; கண்ணில் நீர் வந்துவிட்டதாம். அவள் நல்லவள். நான் அவளிடமும் சிரித்தேன்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் சபாவுக்குக் கடிதம் எழுதினேன். பிறர் கோபத்துக்கு மரியாதையான வாக்கியங்களில் பதில் எழுதுவது என் தொழில். என் கோபத்தை எழுதுவது அதுதான் முதல் தடவை. வாங்கிய இருக்கையிலிருந்து என்னை எழுப்பியது, என் அனுமதி இல்லாமல் என் வாழ்க்கையைப் பேசியது, என் பெயரைச் சொல்லி ஆலாபனையை நிறுத்தியது, வீடியோவை வெளியிட்டது. இவ்வளவையும் எழுதி, வீடியோவை எடுக்க வேண்டும், டிக்கெட் பக்கத்தைக் கணினி வாசிக்கும்படி மாற்ற வேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். பதில் இல்லை. மூன்றாவது நினைவூட்டலில், எங்கள் வங்கிக்குப் புகார் அனுப்புகிறவர்கள் பயன்படுத்தும் சில கடுமையான சொற்களைச் சேர்த்தேன். வீடியோ மறைந்தது. மன்னிப்பு என்ற சொல் எங்கும் வரவில்லை. அடுத்த கச்சேரிக்கு இரண்டு இலவச அனுமதிச் சீட்டுகளை அனுப்பினார்கள். முன்வரிசை சோபா. திருப்பி அனுப்பினேன். டிக்கெட் பக்கம் இன்றும் "படம், படம்" என்றுதான் சொல்கிறது.

பத்தொன்பதாவது நாள் தம்பி வந்தான். கேஸ் ட்யூபை முகர்ந்தான். நான் டீ போட்டேன். மன்னிப்பு அவனும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பட்டறையில் ஒரு மிஷின் ரிப்பேர் என்று சொன்னான். அப்படியே பழைய வழிக்கு வந்துவிட்டோம். ஆனால் அதன் பிறகு என்னைப் பற்றி வெளியே பேசுவதற்கு முன்னால் போன் செய்து கேட்கிறான். எல்.ஐ.சி. ஏஜெண்டிடம் என் வயதைச் சொல்லலாமா என்றுகூடக் கேட்டான்.

போன வருடம் அந்த வித்வான் தாணேயில் வாசித்தார். யாரிடமும் சொல்லாமல் நான் மட்டும் போனேன். ஆபீஸ் முடிந்து ரயிலில், ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷாவில். கவுண்டரில் கைத்தடியைக் கண்டதும் ஒருவர் எழுந்து வந்தார். "தள்ளி நில்லுங்க, நடுவுல ஒரு சீட்டு கொடுங்க போதும்" என்றேன். குரலில் என்ன இருந்ததோ, தள்ளி நின்றார்.

அன்று அவர் பைரவியை விரிவாக எடுத்துக்கொண்டார். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சளி பிடித்திருந்ததோ என்னவோ, மேல் ஸ்தாயியில் இரண்டு இடத்தில் காற்று பிசகியது. என் வலது பக்கத்தில் ஒரு பெரியவர், கச்சேரி முழுக்கத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். அதுவும் தப்பான தாளம். எட்டுக்கு ஏழு தட்டினார். மூன்றாவது உருப்படி வரை பொறுத்தேன்.

"சார், உங்க கையைக் கொஞ்சம் சும்மா வச்சிருக்கீங்களா?"

"உனக்கென்னம்மா கஷ்டம்?" என்றார் அவர், பொல்லாத குரலில்.

"தாளம் தப்பா இருக்கு சார்."

"எனக்கு அறுபது வருஷமா தாளம் தெரியும்" என்றார். என் கைத்தடி அவர் முழங்காலில் இடித்தபோதும் அந்தக் குரல் இளகவில்லை. பிறகு இடைவேளை வரை இருவரும் விடாமல் சண்டை போட்டோம்.